வெளிச்சம் குறையாமல் செலவைக் குறைப்போம்

சில மாதங்களுக்கு முன் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றின் மண்டபத்தில் மின்சாரச் சிக்கனம் குறித்து உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உரை முடிந்ததும் பால்மரம் வெட்டும் தாயார் ஒருவர், நான்காக மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்த மின்கட்டணப் பட்டியலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“மாதாமாதம் பில் ஏறிக்கொண்டே போகிறது, ஐயா. வேறு வழி தெரியவில்லை. மகள் படிவம் ஐந்தில் படிக்கிறாள். ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லிவிடுகிறேன்” என்றார்.

நான் அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். “அஞ்சடி விளக்கை எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள், அம்மா?”

“அது விடிய விடிய எரியும், ஐயா. பாம்பு பூரான் வருகிற இடமாயிற்றே” என்றார்.

அந்தத் தாயாரின் கவலை நியாயமானது. உழைத்துச் சேர்த்த காசு வீணாகக் கூடாது என்று எண்ணுவது குடும்பப் பொறுப்பின் அடையாளம். இருளில் பூச்சி பொட்டுக்கு அஞ்சுவதும் இயல்பே. எனினும் சிக்கனம் என்று கருதி அவர் அணைத்த விளக்கு எது, அணைக்காமல் விட்ட விளக்கு எது என்பதை அளந்து பார்த்திருந்தால், அவர் முடிவு வேறாக இருந்திருக்கும். அளந்து பார்ப்பது எப்படி என்பதை இம்மாதப் பாடமாகக் காண்போம்.

விளக்கு வந்த வழி

மின்விளக்கு நம் நாட்டிற்கு வந்த வரலாற்றில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூர், ராவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்திவந்த லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் சுரங்கத்து நீரை இறைப்பதற்கு மின்சார இயந்திரங்களைப் பயன்படுத்தினர். மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்ட இடங்களுள் ராவாங் முன்னிலையில் வைத்துப் பேசப்படுகிறது. பின்னர் 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. அது 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1990 செப்டம்பரில் அதன் பணிகளைத் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

பட்டணங்களுக்கு விரைவில் வந்த மின்சாரம் தோட்டத்து லயங்களுக்கு வந்துசேரப் பல்லாண்டுகள் பிடித்தன. 1980ஆம் ஆண்டுகளில் நான் சிறுவனாக வளர்ந்த தோட்டத்தில் இயந்திர மின்சாரந்தான் இருந்தது. மாலை ஆறு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். நிற்பதற்குச் சற்று முன் விளக்குகள் மங்கி எரியும். அதனைக் கண்டதும் தாய்மார்கள் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி எடுப்பார்கள். தேர்வுக் காலத்தில் நாங்கள் அந்த மண்ணெண்ணெய் விளக்கின் முன் குனிந்து படிப்போம். காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுத்துப்போகும்.

அவ்வாறு படித்து வந்த தலைமுறையினராகிய நாம், இன்று விசையைத் தட்டினால் வெளிச்சம் கிடைக்கும் வீட்டில் பிள்ளையின் படிப்பு விளக்கை அணைக்க வேண்டிய நிலை ஏற்பட்டால், அதற்குரிய காரணத்தை ஆராய்ந்தே ஆக வேண்டும்.

மூன்று அளவுகள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அரிசியைக் கிலோவிலும் பாலை லிட்டரிலும் அளக்கிறோம். விளக்கை அளப்பதற்கு மூன்று அளவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது வாட். ஒரு விளக்கு எவ்வளவு வேகமாக மின்சாரத்தை உட்கொள்கிறது என்பதை வாட் காட்டும்.

இரண்டாவது லூமன். அந்த விளக்கு எவ்வளவு வெளிச்சத்தைத் தருகிறது என்பதை லூமன் காட்டும்.

மூன்றாவது யூனிட். 1,000 வாட் கொண்ட ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட் ஆகும். மின்கட்டணப் பட்டியலில் இதுவே கிலோவாட் மணி என்று குறிக்கப்படுகிறது. நாம் பணம் கட்டுவது இந்த யூனிட்டுக்கே.

“அறுபது வாட் விளக்கு நல்ல வெளிச்சம் தரும், பத்து வாட் விளக்கு மங்கலாகத்தான் எரியும்” என்று நம்மில் பலர் இன்றும் எண்ணுகிறோம். பழைய குமிழ் விளக்கு மட்டுமே இருந்த காலத்தில் இவ்வெண்ணம் சரியாக இருந்தது. ஒரு மாடு எவ்வளவு தீனி தின்கிறது என்பதை வைத்து அது எவ்வளவு பால் கறக்கும் என்று முடிவுகட்ட முடியாது. வாட் என்பது தின்னும் தீனி. லூமன் என்பது கறக்கும் பால். குறைந்த தீனியில் நிறையப் பால் தரும் மாட்டையே விவரம் அறிந்தவர் தேடுவார்.

மூவகை விளக்குகள்

முதல் வகை, இழை கொண்ட குமிழ் விளக்கு. அதனுள் இருக்கும் டங்ஸ்டன் கம்பி மின்சாரத்தால் சுமார் 2,500 பாகை வரை காய்ந்து ஒளிவிடுகிறது. உட்கொள்ளும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். இவ்வகை விளக்கு சுமார் 1,000 மணி நேரமே உழைக்கும். 60 வாட் குமிழ் ஏறத்தாழ 700 லூமன் வெளிச்சம் தரும். இந்த வீண்செலவைத் தடுக்க, நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு ஜனவரி முதல் இவ்வகை விளக்குகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவை நிறுத்தப்பட்டன.

இரண்டாம் வகை, மலாய்ப் பேச்சில் ‘கலிமந்தாங்’ எனப்படும் குழல் விளக்கு. குழலுக்குள் இருக்கும் சிறிதளவு பாதரச ஆவி மின்சாரத்தால் தூண்டப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வெளியிடும். குழலின் உட்பக்கத்தில் பூசப்பட்ட வெள்ளைப் பூச்சு அதனை நாம் காணும் வெளிச்சமாக மாற்றும். நான்கடிக் குழலில் 36 வாட் என்று எழுதியிருக்கும். ஆனால் அதனோடு இணைந்த பழைய பாணிச் சோக்கும் மின்சாரத்தை உட்கொள்வதால், மொத்தம் சுமார் 45 வாட் செலவாகிறது. சோக்கைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாம் வகை, இன்று எங்கும் பரவியுள்ள எல்.இ.டி. விளக்கு. இதில் காய வேண்டிய கம்பியும் இல்லை. பாதரச ஆவியும் இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் ஒளிவிடும் சிறிய திண்மப் பொருளே இதன் உயிர்நாடி. சிவப்பு நிற எல்.இ.டி. 1962ஆம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. வெள்ளை வெளிச்சத்திற்கு நீல நிறம் தேவைப்பட்டது. அதனை 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிரகாசமாக ஒளிரச் செய்த அகாசாகி, அமானோ, நாக்கமுரா ஆகிய மூன்று அறிஞர்களுக்கு 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று 800 லூமன் அளவுக்கு வெளிச்சம் தருகிறது. தரமானதாயின் 15,000 மணி நேரமும் அதற்கு மேலும் உழைக்கிறது. பழைய 60 வாட் குமிழின் வேலையை ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரத்தில் இது செய்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி அந்தத் தாயாரின் வீட்டுக்கு வருவோம். அவர் வீட்டில் அஞ்சடியிலும் மகள் படிக்கும் அறையிலும் பழைய குழல் விளக்குகளே இருந்தன. கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு ஒரு யூனிட்டின் விலையை 25 காசு எனக் கொள்வோம். உண்மையான விலை அவரவர் பயன்பாட்டைப் பொறுத்து மாறும்.

மகளின் அறை விளக்கு: 45 வாட். இரவு ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை, நாளுக்கு 2 மணி நேரம். 45 × 2 × 30 = 2,700. அதனை 1,000ஆல் வகுத்தால் மாதத்திற்கு 2.7 யூனிட். விலை சுமார் 68 காசு.

அஞ்சடி விளக்கு: அதே 45 வாட். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம் நீடிக்கும். 45 × 12 × 30 = 16,200. மாதத்திற்கு 16.2 யூனிட். விலை 4 வெள்ளி 5 காசு.

அந்தத் தாயார் தம் மகளின் இரண்டு மணி நேரப் படிப்பை நிறுத்தி மிச்சப்படுத்தியது மாதம் 68 காசு. அதைப்போல் ஆறு மடங்கு பணம் அஞ்சடியில் ஓசையின்றி எரிந்துகொண்டிருந்தது.

இனி, இரண்டு இடங்களிலும் 9 வாட் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அஞ்சடிக்கு அந்த வெளிச்சமே போதுமானது. விடிய விடிய எரிந்தாலும் மாதத்திற்கு 3.24 யூனிட், அதாவது 81 காசு மட்டுமே செலவாகும். முன்பு ஆன செலவில் 3 வெள்ளி 24 காசு மிச்சம். மகளின் மேசையில் அதே போன்ற விளக்கு இரண்டு மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 0.54 யூனிட், ஏறத்தாழ 14 காசு.

இந்த எண்களை மேலும் ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். பழைய அஞ்சடி விளக்கு ஓர் இரவில் உட்கொண்ட மின்சாரம் 45 × 12 = 540 வாட் மணி. மகளின் புதிய மேசை விளக்கு ஒரு மாதம் முழுவதும் உட்கொள்வது 9 × 2 × 30 = 540 வாட் மணி. அஞ்சடியில் ஓர் இரவில் கரைந்த மின்சாரம், ஒரு பிள்ளையின் ஒரு மாதப் படிப்புக்குப் போதும்.

இக்கணக்கை மண்டபத்துக் கரும்பலகையில் நான் எழுதிக் காட்டியபோது அந்தத் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் இத்தனை நாளும் நான் அணைத்தது தப்பான விளக்கையா, ஐயா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நம் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதனை இங்கு எழுதுகிறேன்.

வீடு முழுவதற்கும் ஒரு கணக்கு

வீட்டுக்குள் மூன்று பழைய குழல் விளக்குகள் நாளுக்கு 5 மணி நேரம் எரிவதாகக் கொள்வோம். மாதச் செலவு 20.25 யூனிட். அவற்றுக்குப் பதிலாக 18 வாட் எல்.இ.டி. குழல்களைப் பொருத்தினால் 8.1 யூனிட். மிச்சம் 12.15 யூனிட். அஞ்சடியில் கிடைத்த 12.96 யூனிட்டையும் சேர்த்தால் மாதத்திற்கு 25 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும். விலை 6 வெள்ளிக்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 75 வெள்ளி.

குழல் ஒன்று 15 வெள்ளி, சிறு விளக்கு ஒன்று 8 வெள்ளி எனக் கொண்டால், முதலில் போட வேண்டிய பணம் 53 வெள்ளி. ஒன்பது மாதங்களில் அப்பணம் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் மிச்சமே. ஒரே மாதத்தில் எல்லா விளக்குகளையும் மாற்ற இயலாதவர்கள், அதிக நேரம் எரியும் விளக்கை முதலில் மாற்றட்டும். அங்கு கிடைக்கும் மிச்சத்தைக் கொண்டு அடுத்ததை மாற்றலாம்.

2025 ஜூலை முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின்கட்டண அட்டவணை நடப்பிற்கு வந்தது. அதன்படி, மாதம் 1,000 யூனிட்டுக்கு மிகாமல் பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்சாரச் சிக்கன ஊக்கக் கழிவு அளிக்கப்படுகிறது. பயன்பாடு குறைவாக இருக்கும் வீட்டுக்கு யூனிட் ஒன்றுக்குக் கிடைக்கும் கழிவு கூடுதலாக இருக்கும். ஆகவே விளக்கில் மிச்சப்படும் ஒவ்வொரு யூனிட்டும் நமக்கு இரு வகையில் துணைபுரிகிறது.

வேண்டிய இடத்தில் வெளிச்சம்

விளக்கை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. விளக்கு இருக்கும் இடமும் முக்கியமானது. ஒரு சிறு விளக்குக்கும் புத்தகத்துக்கும் இடையே உள்ள தூரம் பாதியானால், புத்தகத்தின் மீது விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். தூரம் நான்கில் ஒன்றானால் வெளிச்சம் பதினாறு மடங்காகும். கூரையில் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கை அரை மீட்டர் உயரத்து மேசை விளக்காக மாற்றினால் ஏற்படும் வேறுபாடு இதுவே. இதனைப் பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு கைவிளக்கைச் சுவருக்கு அருகிலும் தொலைவிலும் பிடித்துச் சோதித்துப் பார்க்கலாம்.

வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கத்திலிருந்தும், இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வர வேண்டும். இல்லையேல் எழுதும் கையின் நிழல் எழுத்தை மறைக்கும். விளக்கு கண்ணில் நேரே படக்கூடாது. அறை முழுதும் இருளாக இருக்க மேசை மட்டும் ஒளிர்வதும் கண்ணுக்குக் களைப்பைத் தரும். சிறிதளவு வெளிச்சம் அறையிலும் இருக்கட்டும்.

சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை பூசினால் விழும் வெளிச்சத்தின் பெரும்பகுதி மீண்டும் அறைக்கே திரும்பும். அடுப்புப் புகை படிந்த கறுத்த பலகைச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். குடத்திலிட்ட விளக்கு என்று பெரியோர் சொல்வர். தூசியும் சிலந்திக் கூடும் ஈசல் இறகும் மூடிய விளக்கு அதற்கு ஒப்பானது. மாதம் ஒருமுறை விசையை அணைத்து, விளக்கு ஆறிய பின் உலர்ந்த துணியால் துடைத்தால், செலவில்லாமலே வெளிச்சம் கூடும்.

கடை வைத்திருப்போர் கவனத்திற்கு

தோட்டத்து மளிகைக் கடை, ஒட்டுக்கடை, முடிதிருத்தும் நிலையம், தையற்கடை ஆகியவற்றில் விளக்குகள் வீட்டைவிட அதிக நேரம் எரிகின்றன. ஆகவே மாற்றத்தின் பயனும் அங்கு விரைவாகத் தெரியும். ஒரு கடையில் ஆறு பழைய குழல் விளக்குகள் நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 81 யூனிட். 18 வாட் எல்.இ.டி. குழல்களாக மாற்றினால் 32.4 யூனிட். மிச்சம் 48.6 யூனிட். கடைகளுக்கான கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம். யூனிட் ஒன்றுக்கு 50 காசு எனக் கொண்டால் மாதம் 24 வெள்ளி 30 காசு மிச்சமாகும். குழல்களுக்குப் போட்ட 90 வெள்ளி நான்கே மாதங்களில் திரும்பிவிடும்.

காய்கறியும் துணியும் விற்போர் பொருளின் நிறம் மாறாமல் காட்டும் விளக்கைத் தேர்ந்தெடுத்தல் நலம். விளக்குப் பெட்டியில் நிறத் துல்லிய எண் 80 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதுமானது. பகலில் கதவையும் பலகணியையும் திறந்து சூரிய வெளிச்சத்தைப் பயன்படுத்துவதற்கு எந்தக் கட்டணமும் இல்லை.

பால்மரக் காட்டில்

நம் தொழிலுக்கும் விளக்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விடியற்காலையில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது குறையும். அதனால்தான் இருள் பிரியுமுன்னே உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைகிறோம். முன்னாளில் நெற்றியில் கட்டிச் சென்ற கார்பைட் விளக்கு, தண்ணீர் சொட்டச் சொட்ட எழும் வாயுவால் எரிந்தது. அது திறந்த நெருப்பு; நாற்றமும் உடையது.

இன்று மின்கலத்தில் இயங்கும் எல்.இ.டி. தலைவிளக்கு எடையிலும் செலவிலும் குறைந்தது. வெட்டுப்பட்டையின் ஆழத்தைத் தெளிவாகக் காட்டுவதால் மரத்துக்குக் காயம்படுவது குறைகிறது. காலடியில் கிடக்கும் பாம்பும் கண்ணுக்குப் படுகிறது. மின்னேற்றிய பின் இணைப்பிலிருந்து கழற்றி வையுங்கள். மின்கலம் உப்பியிருந்தாலோ அளவுக்கு மீறிச் சூடானாலோ அதனைப் பயன்படுத்தக்கூடாது. மெத்தை மீதும் தலையணைக்கு அடியிலும் வைத்து மின்னேற்றுதல் ஆபத்தாகும்.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

விளக்கு வாங்கும்போது பெட்டியைப் படித்து வாங்குங்கள். லூமன் எண்ணை முதலில் பாருங்கள். பிறகு வாட் எண்ணைப் பாருங்கள். லூமனை வாட்டால் வகுத்து வரும் ஈவு எந்த விளக்குக்கு அதிகமோ அதுவே சிக்கனமான விளக்கு. சிரிம் முத்திரை உள்ளதா என்று கவனியுங்கள். 2013ஆம் ஆண்டு முதல் விளக்குகளுக்குக் குறைந்தபட்சச் சிக்கனத் தரம் நம் நாட்டில் விதிக்கப்பட்டுள்ளது. எந்த முத்திரையும் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் விளக்கு, சில மாதங்களில் மினுங்கி அணைந்தால் இலாபம் எங்கே?

நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணையும் பாருங்கள். 2,700 என்றால் மஞ்சள் சாயல், படுக்கையறைக்கு ஏற்றது. 4,000 என்றால் மிதமான வெள்ளை, படிப்பதற்கு ஏற்றது. 6,500 என்றால் நீலச் சாயல் கொண்ட வெள்ளை. எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று எண்ண வேண்டா, நிறந்தான் மாறும்.

குமிழ் விளக்கை மாற்றுமுன் விசையை அணையுங்கள். இயன்றால் முதன்மை விசையையும் அணையுங்கள். கையும் தரையும் உலர்ந்திருக்க வேண்டும். ஆடும் நாற்காலியில் ஏறலாகாது. குழல் விளக்குக்குப் பதிலாக எல்.இ.டி. குழல் பொருத்தும்போது, அது உங்கள் பழைய சோக்கோடு இயங்கக் கூடியதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அத்தகைய குழலோடு வரும் மாற்று ஸ்டார்ட்டரைப் பழைய ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில் பொருத்த வேண்டும். சோக்கை அகற்றிக் கம்பி மாற்ற வேண்டிய வகையாயின், அவ்வேலையைத் தகுதி பெற்ற மின்தொழிலாளரிடமே ஒப்படையுங்கள். பத்து வெள்ளி மிச்சப்படுத்தப் போய் உயிரைப் பணயம் வைக்கலாகாது. மின்கம்பி உரிந்திருந்தால் தோட்ட அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

கழற்றிய பழைய குழலில் பாதரசம் இருப்பதை மறவாதீர்கள். அதனை உடைத்து எறியாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். தவறி உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியேற்றிப் பலகணிகளைத் திறந்து கால் மணி நேரம் காற்றோட்டம் விடுங்கள். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் திரட்டி மூடியுள்ள புட்டியில் இடுங்கள்.

நாட்டுக்கும் இதில் பங்குண்டு

நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியையும் இயற்கை வாயுவையும் எரித்தே பெறப்படுகிறது. நிலக்கரியில் பெரும்பங்கு வெளிநாடுகளிலிருந்து விலைகொடுத்து வாங்கப்படுகிறது. இவ்வீண்செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2024ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2025 ஜனவரி முதல் நடப்பிற்கு வந்தது. பெருமளவில் எரிசக்தி பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு அச்சட்டம் கடமைகளை விதித்துள்ளது. வீட்டு விளக்கைப் பொறுத்தவரை நம் மனமே சட்டம். விளக்கு மலிவாக எரிகிறது என்பதற்காக ஆளில்லாத அறையில் எரியவிட்டால், ஒரு கையால் சேர்த்ததை மறு கையால் இறைத்தவர் ஆவோம்.

வீட்டுப் பயிற்சி

இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து இதனைச் செய்து பாருங்கள்.

1. வீட்டிலுள்ள விளக்குகள் அனைத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுக. ஒவ்வொன்றின் வாட்டையும் எதிரே குறிக்க. சோக்குள்ள பழைய நான்கடிக் குழலாயின் 45 எனக் கொள்க.

2. ஒவ்வொன்றும் நாளுக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என எழுதுக. வாட், மணி, 30 ஆகிய மூன்றையும் பெருக்கி 1,000ஆல் வகுக்க. வருவது மாத யூனிட்.

3. யாருக்கும் பயனின்றி எரியும் விளக்கு எது? அதிக யூனிட் உட்கொள்ளும் விளக்கு எது? அவ்விரண்டையும் வட்டமிடுக.

4. சென்ற மாத மின்கட்டணப் பட்டியலில் உள்ள யூனிட்டைக் குறித்து வைக்க. மாற்றம் செய்த பின் வரும் பட்டியலோடு ஒப்பிடுக.

அந்தத் தாளில் பிள்ளையின் படிப்பு விளக்கு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது கடைசி வரிசையில்தான் இருக்கும். சிக்கனம் என்றதும் நாம் தேடி அணைக்கும் முதல் விளக்காக அது இருக்கலாகாது.

விடைபெறும் வேளையில் அந்தத் தாயார் கரும்பலகையில் இருந்த கணக்கைத் தம் பட்டியலின் பின்புறத்தில் எழுதித் தருமாறு கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதனை முன்போலவே நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, “இன்று முதல் அவள் பதினொரு மணி வரை படிக்கட்டும், ஐயா. அஞ்சடி விளக்கைச் சம்பளத்தன்று மாற்றிவிடுகிறேன்” என்று சொல்லிச் சென்றார்.